வரப்போரத் தைலமரம்

தொண்ணூறுகளின் ஒரு மாசி மாதம். காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் செல்லும் பேருந்தில், மடியில் புது மண்வெட்டியுடன் அமர்ந்திருந்த பெண், அருகே நின்ற பக்கத்து நிலத்துக்காரரிடம் தெளிவாக அறிவித்தார்:

"அண்ணே, நாளைக்கு உங்க தைலமரத்து வேரை வெட்டப் போறேன்."

"இன்னாம்மா இது! மரம் என் நிலத்துல இருக்குது."

"வேரு என் கிணத்துல இருக்குதே. தண்ணி அடிமட்டத்துக்குப் போயிடுச்சி. நெல்லு இன்னும் கதிரே புடிக்கல."

"ஊட்டியில மலை மலையா அதே மரம்தான். அங்க எந்தக் கிணறு வத்திச்சி?"

"அது வேற ஜாதிண்ணே. அது இலையில தைலம் எடுக்கறாங்க, குளிருலயும் மழையிலயும் வளருது. உங்களுது காகிதத்துக்கு வெட்டற ஜாதி. என் கிணத்தைக் குடிச்சிக்கினு வளருது."

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள்.

"என் பக்கம் மண்வெட்டி வரக்கூடாது, ஆமா."

"வராது. என் வரப்புக்குள்ளயே இடுப்பளவு பள்ளம் எடுப்பேன். வர்ற வேரு அதோட நிக்கட்டும்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்."

முசரவாக்கம் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியை வாங்கி முதலில் கீழே இறக்கினார்.

"காலையில வந்து நிப்பேன். அளவு தாண்டறியான்னு பாக்கணும்."

"வாங்கண்ணே. சும்மா நிக்காதீங்க, கடப்பாரை எடுத்துக்கினு வாங்க."