முதல் பக்கத்து மீசைக்காரர்

டினேஷ்: ஆறுக்கு எழும்பினன். முகம் கழுவினன். குப்பை வாளியை வெளியில வச்சன். ரெண்டு துண்டு பாண், தேத்தண்ணி. பிறகு அச்சகத்துக்குப் போய், இண்டைக்கு மண்டபத்தில குடுக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தன்.

சுவர்ணா: சாப்பிட்டீரோ எண்டுதான் கேட்டனான்.

டினேஷ்: ஓம் அக்கா.

சுவர்ணா: என்ர தங்கச்சி, உம்மட மனுசி, போய் இண்டைக்கு முப்பத்தொரு நாள். நீர் இன்னும் ரிப்போட் வாசிக்கிற மாதிரித்தான் கதைக்கிறீர். சரி, கோசியின்ர படம் வடிவா வந்திருக்கோ பாப்பம்... ஐயோ! ஆர் இந்த ஆள்?

டினேஷ்: எங்க?

சுவர்ணா: முதல் பக்கத்தில! பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில! மீசையும் மயிர்த்தொப்பியும்...

டினேஷ்: அம்மா குடுத்த படம். கோசிகான்ர கட்டில் தலைமாட்டில இருந்தது. பிள்ளை கும்பிட்ட சித்தராம்.

சுவர்ணா: சித்தரோ! இப்பதான் விளங்குது. உக்ரேன்காரரின்ர தேசியக் கவிஞரப்பா இவர். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் ஹலினா குடுத்த போஸ்ட்காட்!

டினேஷ்: ஓவியரும். தன்னைத் தானே கீறின படம்.

சுவர்ணா: அப்ப அம்மா ஒவ்வொரு நாளும் விபூதி பூசினது...

டினேஷ்: இவருக்குத்தான்.

சுவர்ணா: சிரிக்கவும் ஏலாமக் கிடக்கு. மத்தியானம் மண்டபத்துக்கு ஹலினாவும் வாறா. கண்டவுடன பேரைச் சொல்லுவா. அம்மா சனத்துக்கு முன்னால குறுகிப் போவா. மேல முருகன் படம் ஒட்டுவமே?

டினேஷ்: இருநூறு புத்தகம் அக்கா.

சுவர்ணா: அப்ப அம்மாட்ட இப்பவே சொல்லிப்போடுவம். குளிச்சிட்டு வரப்போறா.

டினேஷ்: வேண்டாம்.

சுவர்ணா: எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருத்தரை...

டினேஷ்: அடிமையாப் பிறந்தவர். ஒரு ஓவியத்தைச் சீட்டுக் குலுக்கி வித்து, அந்தக் காசிலதான் அவரை மீட்டவை. பிறகு சக்கரவர்த்தி பட்டாளத்துக்குக் கலைச்சு, எழுதவும் கூடாது கீறவும் கூடாது எண்டவன். அவர் சின்னக் கொப்பிகளைச் சப்பாத்துக்குள்ள ஒளிச்சு வச்சு எழுதினவர்.

சுவர்ணா: ம்... கோசியும் சேலைன் ஏறின கையை ஆட்ட வேண்டாமெண்டு நேர்ஸ் சொல்லச் சொல்ல, போர்வைக்குக் கீழ கீறினவள்... பொறும். அச்சடிக்க முதல் சரி பாத்தது நீர்தானே?

டினேஷ்: ஓம்.

சுவர்ணா: கண் தெரியேல்லையோ?

டினேஷ்: தெரிஞ்சது. ஹலினாட்டையும் சொல்லிப்போட்டன். அவ வாய் திறக்க மாட்டா.

சுவர்ணா: அட... தெரிஞ்சுகொண்டே விட்டனீரோ! ஏன்?

டினேஷ்: பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோகவேணும் அக்கா.

சுவர்ணா: டினேஷ், ஒண்டு கேக்கட்டே? முப்பத்தொரு நாளா கேக்கப் பயந்துகொண்டிருக்கிறன். கடைசியா... நோகுது எண்டோ சொன்னவள்?

டினேஷ்: இல்லை அக்கா. அம்மா இந்தப் படத்துக்கு விபூதியைப் பூசிப்போட்டு வெளியில போனவ. கோசிகா என்னைப் பாத்துச் சிரிச்சவள். "அம்மாட்டச் சொல்லாதேங்கோ. பாவம் அந்த மனுசன்... கொஞ்ச நாளைக்குச் சாமியா இருக்கட்டும்."