பழவேற்காடு பாக்கப் போறியாக்கும்

…போறதுன்னா போயிட்டு வா தீபா, நான் வேணாம்னு சொல்லல. ஆனா பழவேற்காட்டுல பாக்குறதுக்கு என்னக்கா இருக்குன்னு என்கிட்டப் போயி கேட்ட பாரு, அதத்தேன் சொல்றேன். ஒக்காரு. அந்த ஸ்டூல்ல துணி கெடக்கும், தள்ளி விட்டுட்டு ஒக்காரு. ஒன் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மட்டுந்தேன் பாக்கி. கொக்கி… அப்பறம் கை ரெண்டும் சேக்கணும். கழுத்துக்குப் பட்டி வைக்கணும். அம்புட்டுதேன். செத்த நேரம்.

மூஞ்சியத் தூக்காத. நர்கீஸ் டெய்லர் சொன்ன தேதிக்குத் தரமாட்டான்னு பேகம்பூர்ல இதுவரைக்கும் யாராச்சும் சொல்லிருக்காகளா? சொல்லிருக்காகதேன், அது வேற. இந்தத் தடவ தப்பு அந்த ஊரு மேல. போயிட்டு வந்து இன்னும் இடுப்பு நிமிரல எனக்கு.

மெட்ராஸுக்கு அங்கிட்டு, பொன்னேரில ரயில விட்டு எறங்கி பஸ் பிடிக்கணும். ஏரின்னா சும்மா ஏரி இல்ல, கண்ணுக்கு எட்டுனமட்டும் தண்ணி. அம்புட்டுத் தண்ணிய ஒரே எடத்துல பாத்ததும் எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. நம்ம தெருவுல ஒரு கொடத்துக்கு எம்புட்டு நேரம் நிக்கிறோம்? கையில அள்ளி வாயில வச்சேன். உப்பு. அப்பறந்தேன் மனசு ஆறுச்சு. அந்தக் காலத்துல கப்பலு வந்து நின்ன ஊராம். டச்சுக்காரன் வந்து எறங்கி இங்கருந்து துணி ஏத்திக்கிட்டுப் போனானாம். துணின்னதும் நான் காத நீட்டுனேன். இப்ப எங்க அந்தத் துணின்னு கேட்டா, இப்ப எறாலுதாங்கங்குறாக.

ஆனா ஒண்ணு, நான் என்ன ஏரி பாக்கவா போனேன்? மாப்ள பாக்கப் போனேன் தாயி. எங்க ஜெசிமாவுக்கு.

ஆமா, மெட்ராஸ்ல நர்ஸா இருக்காளே, அவளேதேன். எனக்கு இருக்குறது அவ ஒருத்திதான. அவ வேல பாக்குற ஆஸ்பத்திரில அந்த ஊர்க்காரரு ஒருத்தரு ரொம்ப நாளாப் படுத்திருந்தாரு. கடேசில மவுத்தாயிட்டாரு, பாவம். அவரு மகன்தேன் மாப்ள. பேரு அயாஸு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். அப்பாவப் பாத்துக்கிட்ட பிள்ளையத்தேன் கட்டுவேன்னு அவக அம்மாகிட்டச் சொல்லிருக்கான். இவ எனக்குப் போன் போட்டு, "நீயும் அத்தாவும் ஒரு எட்டு போய்ப் பாருங்கம்மா. நீ வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னா. இப்படிச் சொல்ற பிள்ளைய என்ன செய்யச் சொல்ற? சண்ட போட்டாலாச்சும் நாலு வார்த்த திருப்பிப் பேசலாம்.

நான் திண்டுக்கல்லுல ரயில் ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன். போறோம், ஒரு கொறையக் கண்டுபிடிக்கிறோம், வந்துர்றோம். மாமியா வாய் நீளம், வீட்டுல காத்து வரல, மாப்ள நடக்கும்போது ஒரு தோளு எறக்கமா இருக்கு, ஏதாச்சும் ஒண்ணு. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்குறவளுக்குக் கொற கண்டுபிடிக்கவா தெரியாது? இங்கிட்டு மதுரைலயோ பெரியகொளத்துலயோ ஒரு பையனப் பாத்தோம்னா காலைல போயிட்டு சாயந்தரம் வந்துரலாம். வேலன்னா என்னிக்காச்சும் விட்டுட்டு வந்துருவா. கட்டிக் குடுத்துட்டு, அது என்ன, காலம் பூராவும் ராத்திரியெல்லாம் ரயில்ல உருண்டு போயி மகளப் பாக்குறது.

பொன்னேரில எறங்குனா, அந்தப் பையனும் அவக அம்மாவும் ஆட்டோவோட நிக்கிறாக. வாங்க வாங்கன்னு அம்புட்டு மரியாத. நான் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் கொண்டுபோயிருந்தேன், அதக்கூட வீட்டுக்குப் போயிக் குடுப்போம்னு மடியிலயே வச்சிருக்கேன். ஆட்டோ போகுது போகுது… எங்க போயி நிக்கிதுங்குற? கல்லறையில.

சிரிக்காத. டச்சுக்காரக கல்லறை. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்டக் கல்லுல செதுக்கி நிறுத்திருக்கான். மாப்ள பாக்க வந்தவளுக்கு மொத மொத வாசல்ல நின்னு வரவேத்தது அந்த ரெண்டு பேருதேன். எங்க வீட்டுக்காரரு என்ன செஞ்சாருங்குற? "நர்கீஸு, அது பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்குறேன்"னாரு. அந்த மனுசனுக்கு மாப்ளயும் ஞாபகம் இல்ல, பொண்ணும் ஞாபகம் இல்ல. பள்ளிக்கூடத்துல டூருக்குக் கூட்டிட்டுப் போன பிள்ள மாதிரி முன்னாடி முன்னாடி ஓடுறாரு.

அடுத்தாப்ல கோட்டைன்னாக. சரி, நம்ம மலைக்கோட்டைய அண்ணாந்து பாத்தே கழுத்து வளந்தவ நானு. இங்க எங்கடா கோட்டைன்னு பாத்தா, தரையோட தரையா ஒரு முள்ளுக்காடு. இதுக்குள்ளதாங்க இருக்குங்குறாக. உள்ள இருந்தா இருந்துட்டுப் போகட்டும், விடுங்கன்னேன்.

அப்பறம் பள்ளிவாசல்ல வெயில வச்சு மணி காட்டுற கல்லு. அது நல்லாத்தேன் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எங்காளு தன் வாச்சையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, வாச்சுதேன் தப்புன்னு திருப்பி வச்சிக்கிட்டாரு. அப்பறம் ஏரிக்கு மேல பாலம். பாலத்தத் தாண்டி லைட் ஹவுஸு. போற வழியில பொம்பளைக ஒக்காந்து பன ஓலையில பொட்டி மொடையிறாக, என்ன அழகு, என்ன நெருக்கம் அந்தப் பின்னலு. ரெண்டு வாங்கிட்டேன். அந்தா, நூல்கண்டு போட்டு வச்சிருக்கேனே, அதுதேன்.

மத்தியானம் ஓட்டல்ல சாப்பாடு. கவனி, ஓட்டல்ல. வெஞ்சனம் என்னான்னா நண்டு. எங்க வீட்ல நண்டு தொட மாட்டோம், அவுக முறைக்கு அது சாப்புடலாம். அந்தம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. ஓடிப்போயி எறாலு வறுக்கச் சொல்லி, தானே தட்டுல எடுத்து வச்சுது. அரிசிதேன் நம்ம சீரகச் சம்பா கெடையாது. அத நான் வாய் விட்டே சொல்லிட்டேன். அதுக்கும் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "அடுத்த தடவ வரும்போது நீங்களே அரிசி கொண்டாந்துருங்க"ங்குது. இப்படிப்பட்ட பொம்பளைகிட்ட எங்கிட்டுப் போயி கொற கண்டுபிடிக்க?

ஆனா நான் கண்டுபிடிச்சுட்டேன் தீபா. சாப்டுட்டு கை கழுவும்போதுதேன் பளிச்சுன்னு பட்டுச்சு. காலைலருந்து ஊரையே காட்டுறாக, செத்துப்போன டச்சுக்காரன் மொதக்கொண்டு காட்டியாச்சு. வீட்ட மட்டும் காட்டல. ஏன்? கூர இல்லையா? வீடே இல்லையா? இல்ல, நம்மள வீட்டுக்குள்ள கூப்புடுற அளவுக்கு மதிக்கலையா? எனக்கு ஒரு பக்கம் கோவம். இன்னொரு பக்கம், சொல்றதுக்கென்ன, சந்தோசந்தேன். ஊருக்குப் போயி மககிட்டச் சொல்றதுக்கு ஒரு காரணம் கெடச்சிருச்சுல்ல.

அதுக்கு மேல படகு வேறயாம். அயாஸோட மாமா ஒருத்தரு வச்சிருக்காரு, பறவ பாக்கலாம்னாக. நான் மாட்டேன்னேன். ஆரஞ்சுக் கலர்ல ஒரு மெத்தைய எடுத்து மாட்டி விட்டுட்டாக. அதப் போட்டுட்டு நான் இருந்த இருப்ப எங்காளு போட்டோ எடுத்து வச்சிருக்காரு, ஒனக்குக் காட்ட மாட்டேன். தூரத்துல ரோஸு கலர்ல கோடு போட்ட மாதிரி நாரைக, ஆயிரக்கணக்குல. போன்ல எடுத்தா எறும்பு மாதிரி விழுகுது. ஆழமான பக்கம் போகாதீக, கரைய ஒட்டியே போங்கன்னு நான்தேன் கத்திக்கிட்டே வந்தேன். மாமாவும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. கடேசில நான் சொன்ன பக்கமே திருப்புனாரு. படகு சேத்துல ஒக்காந்துருச்சு.

அயாஸு சட்டுன்னு பேண்ட மடிச்சு விட்டுட்டு எறங்கிட்டான். நானும் தள்ளுறேன்னு எங்க வீட்டுக்காரரும் கூடவே எறங்கிட்டாரு. மாமாவோட சேந்து மூணு பேரும் முழங்காலளவு தண்ணில நின்னு தள்ளுறாக, எங்காளு தள்ளுறதவிட சிரிக்கிறதுதேன் அதிகம். மேல நாங்க பொம்பளைக ரெண்டு பேரும் மட்டும். எந்திரிச்சுப் போகவும் முடியாது. நான் கேட்டுட்டேன். "ஏங்க, ஊரெல்லாம் காட்டுனீக, வீட்ட மட்டும் ஏன் காட்டல? நாங்க வரக் கூடாதா?"ன்னு.

அந்தம்மா என்னையவே பாத்துது. "நீங்கதான போன்ல சொன்னீங்க, மாப்ள விசயமா வரல, சும்மா ஊர் பாக்கத்தான் வர்றோம்னு"ங்குது.

சொன்னேந்தேன். அத ஏன் கேக்குற… வீட்டுக்குள்ள போயி ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சுட்டா அப்பறம் வேணாம்னு சொல்லச் சங்கடமா இருக்கும்ல, அதுக்குத்தேன் ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். அத அந்தம்மா அப்படியே எடுத்துக்கிருச்சா, இல்ல உள்ளுக்குள்ள புரிஞ்சுக்கிருச்சான்னு எனக்கு அப்பத் தெரியல.

புரிஞ்சுதேன் இருந்துருக்கு. தண்ணியப் பாத்துக்கிட்டே சொல்லுது. அதுக்குச் சொந்த ஊரு தொண்டிப் பக்கமாம். சின்ன வயசுல இங்க கட்டிக்கிட்டு வந்துச்சாம். காலைலருந்து "வாங்க, போங்க"ன்னு பட்டணத்துப் பேச்சுப் பேசுன பொம்பள, அப்ப நம்ம பக்கத்துப் பேச்சுல பேசுது. "எங்க உம்மா கடேசி வரைக்கும் இந்த ஊருக்கு வரவே இல்ல. தூரம்னு விட்டுட்டாக. நான் காயிதம் போட்டா, போன் பேசுனா, ஏரின்னு சொல்லுவேன், பாலம்னு சொல்லுவேன். அவுகளுக்கு எதுவும் கண்ணுல தெரியாது. மக எங்கயோ இருட்டுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு சொல்லுவாக"ன்னுச்சு.

அப்பறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க வேணும்னு சொல்றீகளோ வேணாம்னு சொல்றீகளோ, அது ஒங்க இஷ்டம். ஒருவேள ஒங்க மக இங்க வந்தா, போன்ல லைட் ஹவுஸுப் பக்கம் போனேம்மான்னு சொன்னா, ஒங்க கண்ணுக்கு அது தெரியணும்ல. அதுக்குத்தேன் ஒண்ணு விடாமக் காட்டுனேன்"ன்னுச்சு.

அதுவரைக்கும் தீபா, எனக்கு என் மக தூரமாப் போயிருவாளேங்குறது மட்டுந்தேன் பெருசா இருந்துச்சு. அவளுக்கும் நான் தூரமாப் போயிருவேன்னு ஒரு நாளும் நெனச்சுப் பாக்கல.

கீழ தண்ணில நின்னுக்கிட்டு அயாஸு, "நவுந்துருச்சு, கெட்டியாப் பிடிச்சுக்கங்க"ன்னான். நான் அந்தம்மா கையப் பிடிச்சபடியேதேன் இருந்தேன். "ஊரு பாத்தாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன்.

சின்ன வீடுதேன். சொவத்துல உப்புக் காத்து பட்டு சுண்ணாம்பு உதிர்ந்து கெடக்கு. காலைல பாத்துருந்தேன்னா அதையே பெரிய கொறையா ஊருக்குத் தூக்கிட்டு வந்துருப்பேன். எங்காளும் அயாஸும் ஈரத் துணியோட வாசல்ல ஒக்காந்து நாரை போட்டோவப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்காக. அந்தம்மா அடுப்புல தேத்தண்ணிக்கு வச்சுது. நான் வெளிய வந்து ஜெசிமாவுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா இருக்க?"ன்னா. எதுத்தாப்ல ஏரி தெரியுது, சூரியன் எறங்குது, பாலத்துல ஒரு பஸ்ஸு போகுது. எல்லாத்தையும் அவளுக்குச் சொன்னேன். அவ அழுதுட்டா.

சரி, நீ எப்பப் போற, பரீட்ச லீவுக்கா? ஒன் வீட்டுக்காரரு விக்னேஷ்குமாரு கார் எடுத்துட்டுப் போறாருன்னா முந்துன நா ராத்திரியே கெளம்பிருங்க. பறவைக வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்லாத் தெரியும். கல்லறைக்கு மொதல்ல போயிராத, அது நாள் முழுக்க மனசுல நிக்கும். ஓலப் பொட்டி வாங்குனா வெலையக் கொறைச்சுக் கேக்காத, பாவம் அவுக விரலப் பாத்தேன். படகுல போனா மட்டும் ஓட்டுறவக சொல்றதக் கேளு.

அப்பறம், ஓட்டல்ல சாப்புடக் கூடாது. எனக்குக் கோவம் வரும், சொல்லிப்புட்டேன். கடத்தெருவுல எறங்கி, கிரேன் ஓட்டுற அயாஸு வீடு எதுன்னு கேட்டாச் சின்னப்பிள்ளகூடக் கை காட்டும். திண்டுக்கல்லுலருந்து வாரோம்னு சொல்லு. நீ வாரன்னு நான் எங்க சம்மந்தியம்மாகிட்ட இன்னிக்கே போன்ல சொல்லி வச்சிர்றேன்.