மஞ்சள் விளக்கு வராத வண்டி

டயரில் காற்று இறங்கினால் எல்லோரும் முதலில் ஆணியைத்தான் தேடுவார்கள். நானும் ஆணியைத்தான் தேடினேன், சார். பாதி நேரம் ஆணி இருக்காது.

என் நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது. டயர் கடை வேலை முடிந்து நான் போகும் மெக்கானிக் மாலை வகுப்பில் எழுதச் சொன்ன நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: செய்தது, காரணம், சந்தேகம். மூன்றாவது கட்டம் எனக்கு எப்போதும் போதாது. 'போல்ட்டை இறுக்கினேன். இறுக்கினேனா?' என்றுகூட ஓரிடத்தில் இருக்கும்.

அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். அவள் கணவரான மாமாவின் காரில், டயரில் காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு வந்தது. காற்றடித்தேன், அணைந்தது. நான்காம் நாள் மறுபடி வந்தது.

"ஒரு லைட்ட அணைக்கத் தெரியல, இதுல உனக்குப் படிப்பு ஒரு கேடு," என்றார் மாமா.

கடை முதலாளிக்கு அவரைக் கண்டால் ஆகாது. "உங்க மாமா வர்றாருன்னா முன்னாடியே சொல்லிடும்மா, நான் டிக்கியில ஸ்டெப்னியோட படுத்துக்கிறேன்," என்பார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. இடது முன்சக்கரத்தின் இரும்பு விளிம்பு நடைபாதைக் கல்லில் இடித்து நெளிந்திருந்தது. அந்த இடுக்கில்தான் காற்று கசிந்தது. சக்கரத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"நான் எங்கயும் இடிக்கல. இடிச்சேன்னு சொல்றியா?"

கேள்வியை என்னிடம் கேட்டார். பதிலை அக்காவிடம் வாங்கினார். அவள் முடியைப் பிடித்து, ஃப்ரிட்ஜின் மூலையில் நெற்றியை இரண்டு முறை மோதினார். நான் படிக்கட்டில் நின்று எண்ணினேன்.

அடுத்த முறை விளக்கு வந்தபோது பெல்ட்டின் கொக்கி அவள் காதைக் கிழித்தது. அதற்கடுத்த முறை, காரின் கதவை அவள் இடது கைமேல் சாத்தி, அவள் கத்தி ஓயும்வரை இடுப்பால் அழுத்திக்கொண்டு நின்றார். கதவு ரப்பரில் இரண்டு நகங்கள் ஒட்டியிருந்தன. அவற்றை எடுத்துத் துடைத்தவள் நான்தான்.

விளக்கு வந்தால் அடி விழுகிறது. எனவே விளக்கு வரக் கூடாது. நான்கு சக்கரங்களிலும் காற்றை அளந்து சொல்லும் சென்சார்களைக் கழற்றினேன். நான்கையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, டயரில் இருக்க வேண்டிய அளவான முப்பத்து மூன்று பவுண்டு காற்று ஏற்றி, இரு முனைகளையும் அடைத்தேன். குழாயை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தேன். இனி டயரில் என்ன நடந்தாலும் அந்தக் குழாயில் இருக்கும் காற்றைத்தான் வண்டி நம்பும்.

மாமாவிடம் சரிசெய்துவிட்டேன் என்றேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே," என்றார். மூன்று நாளுக்கு ஒரு முறை, அவர் பல் தேய்க்கும் நேரத்தில், அந்த டயருக்கு நானே கால் பம்பால் காற்றடித்தேன். பத்தொன்பது நாள் அக்கா மேல் அடி விழவில்லை.

இருபதாம் நாள் சட்டையில் மடிப்பு சரியில்லை என்று, சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் தோளில் வைத்தார்.

"வாக்கா, ரெண்டு பேரும் போயிடலாம்," என்று மருந்து போட்டுக்கொண்டே சொன்னேன்.

"அவரு இப்படி இருந்தவரில்லடி. அந்த லைட்டு வந்ததுலேருந்துதான் மாறிட்டாரு. நீ மொதல்லயே உன் வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

எனக்குக் கோபம் வரவில்லை, சார். நோட்டைப் புரட்டிப் பாருங்கள், கோபம் என்று எங்கேயும் எழுதவில்லை. 'காற்றடிப்பதை நிறுத்தினேன்' என்று மட்டும் இருக்கும்.

டயரை நான் அறுக்கவில்லை. காற்றை இறக்கிவிடவும் இல்லை. காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி, உள்ளே நூல் நூலாகப் பிரிந்து, ஒரே நொடியில் கிழியும். வகுப்புத் தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா நண்பர் வீட்டுக்குப் போவதாக இருந்தார். நான்கு மணி நேர நெடுஞ்சாலைப் பயணம். காலையில் அந்த டயரை அளந்து பார்த்தேன். பதினான்குதான். அதையும் எழுதினேன்.

அப்போது அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னையும் கூப்பிட்டாருடி. எத்தனை நாள் கழிச்சு... லைட்டு ஒண்ணும் வரல, போலாம்ல?"

காற்று அளக்கும் மானி என் சட்டைப் பையில் இருந்தது.

"போலாம்க்கா," என்றேன். "பெல்ட் போட்டுக்கோ."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டதை மாமாவிடம் சொல்வாள். அவர் அடிப்பார். அந்த அடியிலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள். டயர் கிழிந்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், நின்றிருந்த லாரியின் பின்னால் புகுந்தது. ஸ்டியரிங் மாமாவின் மார்பு எலும்புகளை உள்ளே தள்ளியிருந்தது. அக்காவை பெல்ட் நகரவிடாமல் பிடித்துக்கொண்டது. லாரியின் பின்பலகை அவள் முகத்தின் உயரத்தில் வந்தது. முகம் இல்லாததால், நகமில்லாத இரண்டு விரல்களைப் பார்த்து அவள்தான் என்று சொன்னேன்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக் அந்தக் குழாயை எடுத்து அளந்தபோது முப்பத்து மூன்று இருந்ததாம், ஒன்றுகூட இறங்கவில்லையாம். கடைசி நிமிஷம்வரை அந்த விளக்கு எரிந்திருக்காது. அக்கா அதைப் பார்த்திருப்பாள். என் வேலையில் குறை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.