வாய் கட்டப்பட்டவள் பேசுகிறேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் அவர்களே, தூரிகை வேந்தர் முசியே லவால் அவர்களே, என்னைப் பேசப் பணித்த தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, இடமின்றிச் சுவரோரம் நிற்கும் சலவைத்துறைத் தாய்மார்களே! ரொட்டிக்கடை வோத்ரேனின் மகள் ஒதீல் உங்களை வணங்குகிறேன். நடுங்குவது மேடையல்ல, நான்தான்.

அண்ணாந்து பாருங்கள்! நம் புதிய அரங்கின் விதானத்தில், மேகத்தின்மேல் நான்கு மங்கையர். யாழ் ஏந்தியவள் இசை. உளி ஏந்தியவள் சிற்பம். இலைமுடி சூடியவள் கவிதை. தூரிகை பிடித்து, வாயில் வெள்ளைத் துணி கட்டியவள் ஓவியம். ஓவியம் பேசாதாம், அதனால் அவள் வாயைக் கட்டுவது பழைய மரபாம்.

அவள் யார்? நான்தான்! சிரியுங்கள் அம்மா, அது என் மூக்கேதான். குளிர்காலம் முழுதும் அந்தத் துணியோடு முசியே லவால் முன் அசையாமல் நின்றேன்.

ஒருநாள் மேயர் அவர்கள் வந்தார்கள்.

"ஜோரா இருக்குய்யா லவால்! நாலும் ராணி மாதிரி. ஆமா, நகர்மன்ற மாடியில பொண்ணுங்க படம் கிறுக்குற ரூம் இருக்கே, திறப்பு விழா முடியட்டும், பில்லியர்ட்ஸ் மேசை போட்டுடுவோம்."

"மெதுவா பேசுங்க முசியே, பொண்ணு நிக்குது."

"அது வாயத்தான் நீயே கட்டி வச்சிருக்கியே!"

வாயைக் கட்டினீர்கள். காதைக் கட்டினீர்களா?

இசைக்குப் பெண் முகம் வேண்டும். கவிதைக்குப் பெண் கூந்தல் வேண்டும். ஓவியத்துக்குப் பெண்ணின் கை வேண்டும். அந்தக் கை கரித்துண்டு பிடிக்க ஓர் அறை வேண்டாமா? வானத்தில் அரியணை தந்தவர்கள் மண்ணில் ஒரு முக்காலி தரக்கூடாதா?

என்ன ஐயா? "பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படம்?" என்கிறீர்களா? அந்த அறையில் கற்ற ழுஸ்தின் இன்று பீங்கான் ஆலையில் தட்டுகளுக்குப் பூ வரைகிறாள். அவள் சம்பளம் வருவதால், துணி வெளுத்துவந்த அவள் தாயின் விரல்கள் இந்தக் குளிர்காலத்தில் ஆற்றுநீரில் வெடிக்கவில்லை. வரும் இலையுதிர்காலத்தில் அதே ஆலையில் வேலைக்கான தேர்வு எனக்கு. அறை போனால், நானும் போனேன்.

மேயர் அவர்களே, மேலே இருக்கும் துணி அங்கேயே இருக்கட்டும். மாடியில் இருக்கும் அறையை எங்களுக்கு விடுங்கள். தாய்மார்களே, நீங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அறை வேண்டுமென்றால் எழுந்து நில்லுங்கள்!

நன்றி கூறி அமர வேண்டிய இடம் இது. நன்றி. வணக்கம். மேயர் பதில் சொல்லும்வரை நான் அமரமாட்டேன்.