சடாமாஞ்சில் டப்பா

படபடப்புக்குச் சடாமாஞ்சில் வேரை மிஞ்சிய சரக்கு இல்லை சார். விசாரிக்க வந்த நீங்கள்கூட உட்கார்ந்ததிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு வாரம் கஷாயம் குடித்தால் அடங்கிவிடும். சிரிக்காதீர்கள். திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பக்தவத்சலம் என்றால் ஏரிக்கரை வரைக்கும் தெரியும்.

நாகவல்லி வந்தது போன வருஷம், எண்பத்தேழு ஐப்பசியில். நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. ஒரே மகன் உத்தமன் பட்டாளத்தில் சேர்ந்து, அமைதிப்படையோடு இலங்கைக்குப் போயிருந்தான். "நெஞ்சு படபடனு அட்ச்சிக்குது அண்ணாத்தே, தூக்கமே இல்ல" என்றாள். டம்ளரைப் பிடித்த கை நடுங்கிப் பாதி கீழே சிந்தியது. பதறாத காரியம் சிதறாதம்மா என்று சொல்லி, சடாமாஞ்சில், அமுக்கரா, கொஞ்சம் வல்லாரை போட்டுக் கடையிலேயே காய்ச்சிக் கொடுத்தேன். அப்புறம் தினமும் பத்து மணிக்கு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பாள். என் மனைவி போன பிறகு என்னோடு உட்கார்ந்து பேசிய ஆள் அவள் ஒருத்திதான்.

அவள் இருந்த புது மனைப் பக்கம் வீட்டுக்கு நம்பர் கிடையாது. போஸ்ட்மேன் எத்திராஜ் அந்தப் பக்கத்துத் தபாலையெல்லாம் என் கடையில் போட்டுவிட்டுப் போவார். நாகவல்லிக்குப் படிக்கத் தெரியாது. மகன் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும், பதில் எழுதிப் போடுவதும் நான்தான்.

தை மாதம் அடுத்தடுத்து மூன்று கடிதம் வந்தது. அவள் முகம் தெளிந்தது. "இப்போ நல்லா கீறேன், மருந்து போதும்" என்று சொல்லிவிட்டு நான்கு நாள் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடை போட்டதையே திரும்பப் போட்டேன். ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து வாசலில் நின்றேன். அதே கஷாயத்தை நானும் குடித்துப் பார்த்தேன், எனக்கு அது வேலை செய்யவில்லை.

ஐந்தாம் நாள் வந்த கடிதத்தைச் சடாமாஞ்சில் டப்பாவில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான். மறுவாரம் அவளே வந்தாள். "லெட்டர் இன்னா ஆச்சி அண்ணாத்தே, வரலியா?" கை மறுபடி நடுங்கியது. பாதி டம்ளர் உள்ளே போனதும் நடுக்கம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன் சார். பிறகு வந்த ஆறு கடிதமும் அந்த டப்பாவுக்குள் போயின. அவள் சொல்லச் சொல்ல நான் மகனுக்கு எழுதிய கடிதங்களும்தான். மருந்தை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

கடைசிக் கடிதத்தில், "அம்மா, உடம்பு மோசம் என்று ஒரு தந்தி அடி. காட்டினால் லீவு கொடுப்பார்கள்" என்று எழுதியிருந்தான். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இது வழக்கம்தான். ஆவடிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். தந்தி போனால் அவன் வந்துவிடுவான். அவன் வந்தால் இவள் பத்து மணிக்கு எதற்கு வருவாள்? படித்து, மடித்து வைத்தேன்.

அதிலிருந்து இருபதாம் நாள் பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. உத்தமன் இறந்துவிட்டான்.

நாகவல்லி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரியம் முடிந்த மறுநாள் நானே போனேன். மகன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாலாவது ஆறுதலாக இருக்குமே என்று அந்தக் கடைசிக் கடிதத்தை எடுத்துப்போய், தாமதமாக வந்தது என்றேன். தந்தி விஷயத்தை விட்டுவிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். மெல்ல முகர்ந்தாள்.

"இதுல உன் மருந்து வாசன அடிக்குதே அண்ணாத்தே" என்றாள்.

அந்த வாசனையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து என் மூக்கு செத்துப்போயிருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் எத்திராஜிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் அதில் நம்ம ஊர் தபாலாபீஸில் குத்திய முத்திரைத் தேதியையும் பார்த்துச் சொல்லிவிட்டார். பத்து மணிக்குக் கடைக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"தந்தி அட்ச்சிருப்பேனே அண்ணாத்தே" என்றாள். அவ்வளவுதான்.

வழக்கம்போலக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. ஆமாம், ஏழு கடிதத்தையும் மறைத்தது நான்தான். அவன் வராமல் போனதும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு அந்த டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் கை நடுங்கவே இல்லை சார். மருந்து வேலை செய்திருக்கிறது.