ஒரு வரியை எடுத்தால் திரும்பி வரும் பிழை

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் தோழர்களே!

மறைந்த நம் தலைமைப் பொறியாளர் அவர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அப்படி அவரை நம்மில் யார் கூப்பிட்டோம்? எதற்கெடுத்தாலும் "பொறுங்க, பொறுங்க" என்பார். அதனால் நமக்கெல்லாம் அவர் பொறுங்க அண்ணன். எல்லாரையும் பொறுக்கச் சொன்னவர், தான் மட்டும் அவசரமாகக் கிளம்பிவிட்டாரே!

உறவினர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கணினி நிரல் எழுதுபவர்களுக்கு, அதை எழுதவும் திருத்தவும் எடிட்டர் என்றொரு மென்பொருளை நாங்கள் செய்து தருகிறோம். அதற்குள்ளேயே ஒரு டீபக்கர் இருக்கிறது. ஓடும் நிரலை நாம் சொன்ன வரியில் நிறுத்தி, உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. அது சில நேரம் பழைய மதிப்பைக் காட்டியது. ஏழாக மாறிய பிறகும் ஆறு என்றே காட்டும். யாருக்கு நஷ்டம்? அதை நம்பி, சரியாக எழுதியதையே தப்பென்று கலைத்துப் போட்டவர்களுக்கு! "எனக்கு இந்தத் தொழிலே வராதோன்னு அழுதுட்டேங்க" என்று ஒரு பெண் போனில் சொன்னாள். அன்று அண்ணன் சாப்பிடவே இல்லை.

அந்தப் பிழையை எதை வைத்துத் தேடினார்? எங்கள் எடிட்டரை எங்கள் எடிட்டரிலேயே திறந்து, அதே டீபக்கரால்! சந்தேகப்பட்ட ஆளையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதைதான். அண்ணி போன் செய்தால், "பொறும்மா, இப்பதான் வந்திருக்கு" என்பார். "யாரு வந்திருக்கா? டீ குடுத்தீங்களா?" என்று அண்ணி கேட்பார். வந்தது பிழைதான் என்று தெரிந்த நாங்கள் சிரிப்போம்.

பிறகு ஒருநாள், மதிப்பைத் திரையில் எழுதிக் காட்டும் ஒரே ஒரு வரியை எங்கள் எடிட்டரின் நிரலுக்குள் சேர்த்தார். பிழை காணாமல் போனது! வரியை எடுத்தால் திரும்பி வந்தது. ஏன்? யாருக்கும் தெரியவில்லை. "அந்த வரி அங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் நிர்வாகி. "பொறுங்க சார். அது போகல, ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு. இன்னொருத்தர் மெஷின்ல வெளிய வரும்" என்று சொல்லி, அண்ணன் தன் கையாலேயே அந்த வரியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது அண்ணியிடம் அவர் கேட்டது என்ன? "அந்த வரிய மறுபடி போட்டுட்டாங்களா?" எந்த வரி என்று அண்ணிக்கு என்ன தெரியும்? "இல்லைங்க, போடல. நீங்க தூங்குங்க" என்றிருக்கிறார்.

போட்டாகிவிட்டது அண்ணி. அடுத்த பதிப்பு அந்த வரியோடுதான் வெளியே போகிறது. பிழைப் பட்டியலில் அதற்கு நேரே 'தீர்ந்தது' என்று எழுதியும் ஆயிற்று.

அவர் விட்ட பணியை முடிப்போம் என்று இங்கே நான் உறுதி சொல்ல வேண்டும். எந்த வாயால் சொல்வேன்? நேற்று அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். பிழை வந்து நின்றது. எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே அகப்படாதது எனக்கு அகப்படும் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஆனாலும் நிர்வாகி அவர்களே, உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். இன்று காலை அந்தத் 'தீர்ந்தது' என்பதை அழித்துவிட்டு, 'தீரவில்லை' என்று எழுதினேன். யார் பொறுப்பு என்ற இடத்தில் இன்னும் அண்ணன் பெயரே இருந்தது. அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். போட்ட பிறகுதான், அண்ணி, அவர் இனி வரமாட்டார் என்பது எனக்கு உறைத்தது.