மாடியில் அப்பா தூங்குகிறார்

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. மாடியில அப்பா தூங்குறார்.

— சரிங்கண்ணே. அவருக்காகத்தான் வீட்டையே விக்கிறீங்கன்னு தரகர் சொன்னாரு.

— ஆமாம்மா. தொண்ணூறைத் தாண்டிட்டார், படி ஏறி இறங்க முடியல, கீழ படுக்கவும் மாட்டேங்கிறார். மத்தபடி ராசியான வீடு பாருங்க. தாத்தா எம்பத்தெட்டு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார். பெரியப்பாவும் அப்படித்தான். எனக்கே அறுபதாச்சு, ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்ல.

— அடேயப்பா! பொம்பளைங்க?

— பொம்பளைங்களா... அம்மா அம்பதைத் தொடல. பெரியம்மா அதுக்கும் முன்னாடி. என் சம்சாரம் போன வருஷம்.

— ஐயோ. என்ன ஆச்சு அவங்களுக்கெல்லாம்?

— எல்லாம் இருமல்தான். நெஞ்சுல ஆரம்பிச்சு ஆளையே உருக்கிடும். பொம்பளைங்களுக்கு மட்டும் இந்த வீடு ராசியில்லைன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. நீங்க அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க.

— டாக்டர்கிட்டக் காட்டலையா?

— சம்சாரத்தைக் கூப்பிட்டா, சமையல் முடியட்டும்னு சொல்லுவா. அது என்னிக்கும்மா முடிஞ்சிருக்கு?

— அது சரி. நானும் நாளெல்லாம் அடுப்போட மாரடிக்கிற சமையல்காரிதான். ராசியை விடுங்க, அடுப்படியைக் காட்டுங்க.

— இப்படி வாங்க. பொண்ணுதான் சமைச்சிட்டிருக்கா. பாப்பா, வீடு பார்க்க வந்திருக்காங்க.

— வாங்கக்கா... இருங்க, இருமிட்டு வந்துடறேன்.

— ஏம்மா, புகையில உள்ள ஆளே தெரியலையே! விறகடுப்பா? இந்தக் காலத்துலயா?

— கேஸ்ல சமைச்சா தாத்தாவுக்குத் தொண்டையில இறங்காதுக்கா.

— அது சரி. புகைபோக்கி இருக்கே, அதுல ஏன் செங்கல்லு?

— அதாம்மா, அதுக்குள்ள புறா கூடு கட்டி ஒரே சத்தம். மத்தியானத் தூக்கம் கெடுதுன்னு அப்பா அடைக்கச் சொல்லிட்டார். நான் அப்போ சின்னப் பையன்.

— நீங்க என்னிக்காவது இங்க நின்னு சமைச்சிருக்கீங்களா அண்ணே?

— நானா? தண்ணி வேணும்னாக்கூட இவதானே கொண்டுவந்து கொடுப்பா.

— சும்மா ஒரு தடவை வந்து அடுப்புக்கிட்ட நில்லுங்க. ஒண்ணும் செய்ய வேணாம், மூச்சு மட்டும் விடுங்க.

— அதுக்கென்னம்மா... ஐயய்யோ... எரியுதே... பாப்பா, தண்ணி! தண்ணி!

— இந்தாங்கப்பா, நிதானமாக் குடிங்க. முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்னு அம்மா சொல்லுவாங்க.

— உங்கம்மா எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையே.

— நீங்க ஒருநாளும் இங்க வரலையேப்பா.

— உனக்கு... உனக்கு எப்பலேர்ந்து இந்த இருமல்?

— அம்மா போனதுக்கப்புறம் நான் அடுப்புக்கு வந்தேன்ல, அப்பலேர்ந்துதான். நீங்களும் தினம் கேட்டுட்டுத்தானே இருக்கீங்க.

— அண்ணே, உட்காருங்க. முகமே மாறிப்போச்சு. வெலையை அப்புறம் பேசிக்கலாம்.

— வெலை கிடக்கட்டும்மா. பாப்பா, அடுப்பை அணை. பின்னாடி ஷெட்டுல கடப்பாரை இருக்கும், எடுத்துட்டு வா. அந்தச் செங்கல்லைப் பேர்த்துடறேன்.

— இப்பவாப்பா? தாத்தா தூங்குறாரே!

— எழுந்திருக்கட்டும்.